நாற்பது நிமிடப் பாடத்தின் ஐந்து எடைகள்

தாவரவியல் ஆசிரியர் ஒருவர் வயல் வரப்பில் நின்று செல்போனில் பாடம் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் சம்பா நெல் காற்றில் அலையடிக்கிறது. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. அதே பாடத்தை, அதே செல்போனில், வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நின்று அவர் சொல்லியிருந்தால் அதே தெளிவுக்கு மிகச் சிறிய கோப்பு போதும். வயலில் எடுத்தது பல மடங்கு கனக்கும். அந்தக் கனத்தை அவர் உணரப்போவதில்லை. அதைச் சுமக்கப்போவது, அன்றைய டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்த்துப் பார்த்துத் திறக்கிற மாணவி.

கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் இருக்கும் குடவாசலில் டாக்டர் எம்.ஜி.ஆர். அரசு கலை, அறிவியல் கல்லூரி இருக்கிறது. பக்கத்து மஞ்சக்குடியில் சுவாமி தயானந்தா கல்லூரி. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பறைக்கு வெளியே கிடைக்கும் பாடம் இன்று பெரும்பாலும் செல்போன் வழியாகவே வருகிறது. 2020 ஊரடங்கு அந்தப் பழக்கத்தை நாடு முழுவதும் ஒரே அடியாக விதைத்தது. ஆனால் அடித்தளம் அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் 2003-இல் தொடங்கியது. அதன் ஒருங்கிணைப்பு சென்னை ஐஐடியில். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடு அச்சாகிறது. செல்போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொலி திறக்கும்.

ஸ்வயம் தளத்தின் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே ஒரு பாடம் என்றால் நான்கு பங்கு இருக்க வேண்டும்: காணொலி, படிக்கும் ஆவணம், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள், சந்தேகம் கேட்கும் இடம். காணொலியை ஏற்றிவிட்டால் பாடம் முடிந்தது என்று விடுவதில்லை. நம் கல்லூரித் தளங்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. நேரம் கிடைக்கும்போது எடுத்த வீடியோ ஒன்று, நோட்டுப் பக்கங்களைப் படம் பிடித்துக் கோத்த பிடிஎஃப் ஒன்று. ஆசிரியரின் உழைப்பில் குறையில்லை. எந்தப் பொருளை எந்த வடிவத்தில் அனுப்புவது என்ற கணக்கை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

நாற்பது நிமிட வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். செல்போன் கேமரா முழு எச்டி தரத்தில் பதிவு செய்யும்போது ஏறத்தாழ நொடிக்கு 16 மெகாபிட் எழுதுகிறது. நாற்பது நிமிடம் என்பது 2,400 நொடி. பெருக்கி, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 4.8 ஜிபி. அதையே இணையத்துக்கு ஏற்ற முழு எச்டியாக, நொடிக்கு 5 மெகாபிட்டாக மாற்றினால் 1.5 ஜிபி. பல ரீசார்ஜ் திட்டங்களில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் மொத்த டேட்டா அவ்வளவுதான். ஒரு வகுப்பைப் பார்த்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது. 360 வரிசைத் தரத்துக்கு, நொடிக்கு 0.4 மெகாபிட்டுக்கு இறக்கினால் 120 எம்பி. படத்தை நீக்கிக் குரலை மட்டும் நொடிக்கு 32 கிலோபிட்டில் வைத்தால் 9.6 எம்பி. அவர் பேசியதை எழுத்தாகத் தட்டச்சு செய்தால்? நிமிடத்துக்கு நூறு சொல் என்று கொண்டால் நாலாயிரம் சொல். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொண்டும்கூட மொத்தம் சுமார் 100 கேபி.

பாடம் ஒன்றுதான். 4.8 ஜிபிக்கும் 100 கேபிக்கும் இடையே 48,000 மடங்கு வித்தியாசம்.

இதற்காகக் காணொலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்றைப் பறித்து முடி கட்டும் கையின் லாகவத்தை நாலாயிரம் சொல்லில் எழுதினாலும் புரியவைக்க முடியாது. என் நிலைப்பாடு எளியது: அசைவது காணொலிக்கு, அசையாமல் நிற்பது ஆவணத்துக்கு, சொல்லிப் புரியவைப்பது ஒலிக்கு. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எல்லாவற்றையும் காணொலிக்குள் போட்டு அடைக்கும்போதுதான் பாடம் கனத்துப்போகிறது. ஏன் என்று புரிய, காணொலி எப்படிச் சுருங்குகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

முழு எச்டி படச்சட்டம் ஒன்றில் 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் வரும் அளவுக்குப் புள்ளிகள், அதாவது இருபது லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் குறிக்க மூன்று பைட். நொடிக்கு 25 சட்டம். சுருக்காமல் வைத்தால் ஒரே ஒரு நொடிக்கு 155 எம்பி வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு 370 ஜிபியைத் தாண்டும். இதை 4.8 ஜிபிக்கும் பிறகு 120 எம்பிக்கும் கொண்டுவரும் கணிதத்தின் வேரில் ஒரு பழைய ஆய்வுத்தாள் இருக்கிறது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நசீர் அகமது, அவருடைய ஆய்வு மாணவர் நடராஜன், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துப் போன கே.ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் வெளியிட்ட தாள் அது. இந்த யோசனைக்கு நிதி கேட்டு 1972-இல் அகமது அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியிருந்தார். இன்று நாம் திறக்கும் ஜேபெக் படங்களுக்குள்ளும் காணொலிகளுக்குள்ளும் அந்த எளிய கணிதமோ அதன் வாரிசோ ஓடிக்கொண்டிருக்கிறது.

அது செய்வது இதுதான். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 மதிப்புகளை, மெதுவாக மாறும் நிழல் எவ்வளவு, வேகமாக மாறும் கோடுகளும் விளிம்புகளும் எவ்வளவு என்று பிரித்து 64 எண்களாக மாற்றி எழுதுகிறது. மெதுவான மாற்றங்களில் நம் கண் பிசகைக் கண்டுபிடித்துவிடும். நுணுக்கமான கோடுகளில் அவ்வளவு கண்டிப்பாக இராது. எனவே நுணுக்கத்தைக் குறிக்கும் எண்களைத் தாராளமாக முழுமைப்படுத்திப் பலவற்றைப் பூச்சியமாக்கிவிடலாம். வெள்ளைச் சுவரில் ஒரு கட்டம் என்றால் 64 எண்ணில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். நெற்கதிர் நிறைந்த கட்டத்தில் கூரும் தாளும் மணியும் நிழலுமாக எல்லாமே விளிம்பு. அங்கே எதையும் சுலபத்தில் கழிக்க முடியாது.

இது ஒரு சட்டத்துக்குள் நடக்கும் சிக்கனம். பெரிய சிக்கனம் சட்டங்களுக்கு இடையே நடக்கிறது. 2003-இல் வந்து இன்றும் பரவலாகப் புழங்கும் எச்.264 முறையில் எல்லாச் சட்டங்களும் முழுப் படமாக எழுதப்படுவதில்லை. சில நொடிக்கு ஒரு முழுப் படம். நடுவில் உள்ளவற்றுக்கு, முந்தைய சட்டத்திலிருந்து எந்தத் துண்டு எங்கே நகர்ந்தது, நகர்த்திய பிறகும் எவ்வளவு மாறுபாடு மிச்சம் என்ற குறிப்பு மட்டும். சுவர் நகராது. ஆசிரியரின் முகமும் கையும்தான் நகர்கின்றன. ஆகவே சட்டத்தின் முக்கால் பங்குக்கு "போன தடவை போலவே" என்று எழுதிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம். காற்றில் ஆடும் நெல்லோ ஒவ்வொரு தாளும் தனித் தனித் திசையில் வளைந்து, ஒன்றை ஒன்று மறைத்து, மீண்டும் வெளிப்படுகிறது. எந்தத் துண்டையும் அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஒவ்வொரு நொடியும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. கோப்பின் அளவைக் கட்டாயமாகக் குறைத்தால் வயல் பச்சைக் கட்டங்களாகக் குழைந்துவிடும். அந்தக் குழைவு ஆசிரியரின் முகத்தையும் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் இருக்கும் பிட்டுகளை வயலும் முகமும்தான் பங்கு போட வேண்டும்.

கையில் பிடித்த செல்போனின் நடுக்கமும் இதே தண்டனையைத் தரும். இருட்டு அறையில் படம் எடுத்தால் தோன்றும் புள்ளிப் பொரிவும் அப்படியே. செல்போனை அசையாமல் எதன் மீதாவது நிறுத்திவைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து பேசினால் எந்தச் செலவும் இல்லாமல் பாடம் இளைக்கும். வயலைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் காட்டட்டும். புகையான் பூச்சி தாக்கிய தூரை அருகில் வைத்து ஒரு நிமிடம். மீதிப் பேச்சைச் சுவருக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

கரும்பலகைக்கு நேர்வது இதற்கு நேர் எதிரான சங்கடம். பலகை அசைவதில்லை, ஆனால் அதில் உள்ள சுண்ணக்கட்டி எழுத்து முழுவதும் விளிம்பு. தரம் இறங்கும்போது முதலில் கரைவது அதுதான். 360 வரிசை என்றால் உச்சியிலிருந்து அடிவரை மொத்தமே 360 வரிசைப் புள்ளி. பலகையில் பன்னிரண்டு வரி எழுதினால், இடைவெளி போக ஒரு எழுத்துக்கு இருபது வரிசைகூட மிஞ்சாது. தமிழில் மேலே சுழிக்கும் விலங்கும், மெய்யின் மேலுள்ள புள்ளியும், கீழே தொங்கும் உகரக் கொக்கியும் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். புள்ளி போனால் 'க்' எது 'க' எது? இதற்காகத்தான் பலகையில் இருப்பதைத் தனி ஆவணமாகக் கொடு என்கிறேன். காணொலியில் ஆசிரியர் சமன்பாட்டை எப்படி எட்டுகிறார் என்று தெரிந்தால் போதும். சமன்பாடு என்னவென்று ஆவணம் சொல்லிக்கொள்ளும்.

ஆவணம் என்றதும் கைக்கு எட்டுவது நோட்டைப் படம் பிடிப்பது. நாற்பது பக்கம், படம் ஒன்றுக்கு மூன்று எம்பி. கூட்டினால் 120 எம்பி, மேலே சொன்ன 360 வரிசைக் காணொலியின் எடை! ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளை முறையைத் தேர்ந்தாலே அது சில எம்பிக்கு இறங்கிவிடும். ஆனால் எடையைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று அதில் இருக்கிறது. படமாக உள்ள எழுத்தைத் தேட முடியாது. சிறு திரையில் பெரிதாக்கினால் வரி மடங்காது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். பார்வையற்ற மாணவரின் செல்போன் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டாது. அவருக்கு அது வெற்றுத் தாள்.

தட்டச்சு செய்தாலும் தமிழில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக்களின் எண்கள்தான். அந்த எழுத்துரு இல்லாத செல்போனில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குவியல் வந்து நிற்கும். ஒரு காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. உலகத் தமிழர்களுக்கு இணையத்தில் தமிழ் கற்பிக்க 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) தொடங்கியபோதே இந்தக் குறியீட்டுச் சிக்கலோடுதான் தொடங்க வேண்டியிருந்தது. தமிழுக்கு யூனிகோடில் 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்குப் பிறகும் பாமினியில் பாடக் குறிப்பு வருவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது பள்ளம் யூனிகோடில் அடித்த பிடிஎஃபிலும் காத்திருக்கிறது. 'நெல்' என்ற சொல்லை யூனிகோட் நகரம், எகரக் குறி, லகரம், புள்ளி என்ற வரிசையில், நாம் உச்சரிக்கும் ஒழுங்கில் வைத்திருக்கிறது. தாளில் வரையும்போது ஒற்றைக் கொம்பு முன்னால் வந்து நகரம் பின்னால் போகிறது. 1993-இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த பிடிஎஃப், அச்சுப் பக்கத்தை எங்கும் ஒரே மாதிரி காட்டுவதற்காகப் பிறந்தது. எந்த வடிவத்தை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்பதே அதன் முதல் கவலை. ஆகவே கொம்பு முதலில், நகரம் பிறகு என்று அது எழுதிவைத்துவிடலாம். கோப்பை உருவாக்கிய மென்பொருள் மூல எழுத்து வரிசையையும் ஒழுங்காகச் சேர்த்துவைக்கவில்லை என்றால், அந்தப் பாடம் முழுக்க நெல்லைப் பற்றியே இருந்தாலும் 'நெல்' என்று தேடினால் "இல்லை" என்று வரும். நகலெடுத்து ஒட்டினால் எழுத்துக்கள் இடம் மாறிக் கிடக்கும். ஏற்றுவதற்கு முன் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிட நல்லது, பாடத்தைத் தளத்திலேயே ஒரு பக்கமாக எழுதிவிடுவது. திரைக்கேற்ப வரி மடங்கும், தேடலாம், செல்போன் படித்துக் காட்டும். அச்செடுக்க விரும்புவோருக்குப் பிடிஎஃப் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி ஏற்றும் வேலை. செல்போனின் 4.8 ஜிபி கோப்பை அப்படியே ஏற்ற முயன்றால், நொடிக்கு 4 மெகாபிட் மேலேறும் இணைப்பில் 9,600 நொடி, இரண்டு மணி நாற்பது நிமிடம். நடுவில் மின்சாரம் போனால் சில தளங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல கல்லூரித் தளங்கள் அதை ஏற்கவும் மாட்டா. பெரும்பாலான தளங்கள் ஓடும் பிஎச்பி மென்பொருளில் யாரும் கை வைக்காவிட்டால் ஒரு கோப்புக்கு உச்ச வரம்பு இரண்டே எம்பி. நிர்வாகி அதை உயர்த்தித் தர வேண்டும். ஆகவே செல்போனிலோ கணினியிலோ முதலில் சுருக்கிவிட்டு ஏற்றுவதே புத்தி. இதைச் செய்ய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

சுருக்கிய பிறகும் "சார், வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு, ஓட மாட்டேங்குது" என்று மாணவர்கள் சொல்வதுண்டு. நெட்வொர்க் மேல் பழி போடுவதற்கு முன் கோப்பைப் பார்க்க வேண்டும். எம்பி4 கோப்பு ஒவ்வொன்றிலும் ஒரு அட்டவணை உண்டு: எந்தச் சட்டம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விவரம். பதிவு முடிந்த பிறகுதான் இந்த விவரம் முழுதாகத் தெரியும் என்பதால் பல கேமராக்கள் அதைக் கோப்பின் வாலில் எழுதுகின்றன. செல்போனுக்குள்ளேயே பார்க்கும்போது தொல்லை இல்லை. இணையத்தில் தலையிலிருந்து வரிசையாக இறங்கும்போது அட்டவணை கடைசியில்தான் வந்து சேரும். சில தளங்களில் அதுவரை படம் ஓடாது. அட்டவணையை வாலிலிருந்து தலைக்கு மாற்றச் சில நொடி போதும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. வீடியோ மாற்றும் மென்பொருள்களில் "இணையத்துக்கு ஏற்றதாக்கு" என்ற பொருளில் இருக்கும் ஒரு பெட்டியை டிக் செய்ய வேண்டும், அவ்வளவே.

யூடியூப் போன்ற தளத்தில் ஏற்றி இணைப்பை மட்டும் பாடப் பக்கத்தில் வைத்தால் இந்த வேலைகளை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரே காணொலியை ஐந்தாறு தரங்களில் மாற்றி, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைக்கிறது. மாணவியின் செல்போன் ஒவ்வொரு துண்டு வந்ததும் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று அளந்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்கிறது. துண்டுகளும் உலகத்தின் ஏதோ ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு முறையும் வருவதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீரைக் கல்லணையில் பிரித்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாக இறக்கி மதகடியில் கொண்டுவந்து நிறுத்துவதுபோல, அடிக்கடி கேட்கப்படும் துண்டுகளின் பிரதிகள் நம் ஊருக்கு அருகிலுள்ள நகரத்துச் சேமிப்புக் கணினிகளில் முன்கூட்டியே வந்து நிற்கும். தனியாக ஒரு கல்லூரி இதைக் கட்டியெழுப்புவது சிரமம். விளம்பரமும், பக்கத்தில் இழுக்கும் வேறு காணொலிகளும் இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை. படிக்க உட்கார்ந்த பிள்ளைக்கு அது சின்ன விலை இல்லை.

நீளத்தைப் பற்றிக் கொஞ்சம். பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் என்ற மூவர் எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் தடவை காணொலி பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். காணொலி எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் மாணவர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் நடுமதிப்பு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஊக்கத்தோடு தாமாகச் சேர்ந்த மாணவர்களிடமே இந்த நிலை. நாற்பது நிமிட வகுப்பை, ஒரு கருத்துக்கு ஒன்று என்று ஆறேழாக வெட்டினால் கவனமும் நிற்கும், டேட்டாவும் மிஞ்சும். ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டு கேள்வி வைத்தால் இன்னும் நல்லது. கேட்டதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வது, திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட நெடுநாள் தங்கும் என்பது உளவியலாளர்கள் பல முறை சோதித்த முடிவு.

ஐந்து எடைகளில் யாரும் சீந்தாமல் கிடப்பது ஒலி. 9.6 எம்பி! என்பிடெல் தன் பாடங்களுக்குக் காணொலியோடு ஒலிக் கோப்பையும், பேச்சின் எழுத்து வடிவத்தையும் தரவிறக்கக் கொடுத்திருக்கிறது. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் உண்டு. இலக்கியம், வரலாறு, பொருளியல் வகுப்புகளில் பெரும்பகுதி பேச்சுத்தான். திருவாரூர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே வரலாம். குடவாசல் ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால், காணொலியிலிருந்து ஒலியைத் தனியே பிரித்து அதையும் ஏற்றுங்கள் என்றுதான் கேட்பேன். ஒரு நிமிட வேலை.

இணைப்பே இல்லாத நேரத்துக்கும் வழி இருக்கிறது. உலகெங்கும் கல்லூரிகள் பயன்படுத்தும் மூடுல் என்ற இலவசப் பாடத்தள மென்பொருளை உருவாக்கிய மார்ட்டின் டூஜியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பள்ளிக்கூடமே எட்டாத இடத்தில் வளர்ந்தவர். அவருக்குப் பாடம் வானொலி வழியாக வந்தது. 2002 ஆகஸ்டில் மூடுலின் முதல் பதிப்பை வெளியிட்டார். அதன் செல்போன் செயலியில் ஒரு பாடப் பகுதியை மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் இணைப்பில்லாமல் படிக்கலாம். வினாக்களுக்கு விடையும் எழுதி வைக்கலாம், இணைப்பு வந்ததும் போய்ச் சேரும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் பல ஊர்களுக்கு நாள் கணக்கில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் இல்லாமல் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளங்கை அளவு ராஸ்ப்பெரி பை கணினியில் மூடுலை நிறுவிக் கல்லூரி நூலகத்தில் வைத்தால், வெளி இணையம் துளியும் இல்லாமலேயே அது தன் வைஃபையில் பாடங்களைக் கொடுக்கும். மாணவர்கள் வகுப்பு முடிந்து பேருந்து பிடிக்கும் முன் அந்த வாரப் பாடத்தை டேட்டா செலவில்லாமல் இறக்கிக்கொண்டு போகலாம். ஒரு வாரப் பாடத்தின் ஆவணங்களும் ஒலிகளும் சில சிறு காணொலிகளும் சேர்ந்து நூறு எம்பிக்குள் இருந்தால், மாணவர்கள் சிலர் சிலராக இறக்கும்போது அந்தச் சின்னப் பெட்டி சமாளித்துவிடும்.